நானும் சேர்ந்துதான் சிரித்தேன்

கேள்வி:

டாக்டர், எனக்கு வயது 36. கோவையில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் பதினோரு வருடமாக அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். எங்கள் செக்‌ஷனில் ஏழு பேர். போன வருடம் புதிதாக ஒருவர் சேர்ந்தார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். சேர்ந்த வாரமே ஒரு மீட்டிங்கில் 'ரிசீட்' என்பதை 'ரெசிப்ட்' என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் மேனேஜருக்கு அவர் ரெசிப்ட்தான். எங்களுக்கும் அப்படியே ஆகிவிட்டது. ஊர் எது, ஊருக்குள் எந்தப் பக்கம், அப்பா என்ன செய்கிறார் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பட்டும் படாமல் பதில் சொல்வார். 'கோட்டாவா இருக்கும்' என்று அவர் காதுபடவே பேச்சு. மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம், அவருக்கு மட்டும் நாற்காலி இருக்காது. அவர் இல்லாமல் ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் உண்டு.

போன வருடம்தான் டேலியை விட்டுப் புது சாஃப்ட்வேருக்கு மாறினோம். மேனேஜருக்கு அது இன்னும் பிடிபடவில்லை. ரெசிப்ட் ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டார். ஜூன் மாதம் ஒரு சப்ளையருக்கு ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் அனுப்பிவிட்டார். மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, அந்த வவுச்சரை ரெசிப்டையே உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தார். பேப்பர் நடுங்கியது. எல்லோரும் சிரித்தோம். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். முதல் பேமெண்ட் போய்விட்டது என்ற மெயிலில் அவரைச் சேர்க்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்போது மூன்று வாரமாக மெடிக்கல் லீவில் இருக்கிறார். 3ஆம் தேதி திரும்ப வருவார் என்கிறார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. எனக்கு ஜாதி வித்தியாசம் எல்லாம் கிடையாது. மேனேஜரும் கெட்டவர் இல்லை. என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஓடி ஓடி அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்தவர். அப்புறம் ஏன் இப்படி நடக்கிறது? ரெசிப்ட் ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றும் தோன்றுகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்:

அலுவலகத்தில் படும் பாட்டைச் சொல்லிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் பட்டவர்கள்தான். அவர்களும் நேராக வருவதில்லை. நெஞ்சு படபடக்கிறது என்று இதய மருத்துவரிடம் போய், ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்து, எல்லாம் நார்மல் என்று சொல்லப்பட்ட பிறகு, மனைவியோ அம்மாவோ கையைப் பிடித்து இழுத்து வருவார்கள். படுத்தியவர்கள் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். இரண்டு பேரையும் கம்பெனிதான் அனுப்பி வைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவர் என்று ஒருவரும் இதுவரை வந்ததில்லை. அதனால் உங்கள் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதத்தில் மேனேஜரை மேனேஜர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இளைஞரை மட்டும் ரெசிப்ட் என்று எழுதியிருக்கிறீர்கள், நான்கு இடத்தில். பெயரை மறைக்க வேண்டும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் 'அவர்' என்று எழுதினாலே மறைந்துவிடும். அவருக்காகத் தூக்கம் வராமல் எழுதும் கடிதத்திலும் கை தன்பாட்டுக்கு அந்தப் பட்டப்பெயரைத்தான் எழுதுகிறது. 'ஏன் இப்படி நடக்கிறது' என்ற உங்கள் கேள்விக்கு பாதி விடை இதில் இருக்கிறது. கெட்ட எண்ணம் எதுவும் தேவைப்படவில்லை. பழக்கமே போதுமாக இருந்தது.

அந்தப் பட்டப்பெயரை இன்னும் கொஞ்சம் பார்ப்போம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நடுவே ஒரு 'ப்' எழுதுவார்கள், உச்சரிக்க மாட்டார்கள். ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டால் அவர்களிடமே நல்ல பதில் கிடையாது. நானும் கல்லூரி போகும்வரை ரெசிப்ட் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லை வீட்டில் காதால் கேட்டவர்கள் ரிசீட் என்பார்கள். புத்தகத்தில் கண்ணால் படித்தவர்கள் ரெசிப்ட் என்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, அந்த மீட்டிங்கில் நீங்கள் சிரித்தது ஒரு தப்பான உச்சரிப்பைப் பார்த்து அல்ல. தன் வீட்டிலிருந்து இப்படி ஒரு மேஜைக்கு முதல் ஆளாக வந்தவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். உங்கள் ஏழு பேரில் எத்தனை பேர் வீட்டில் அப்பா அம்மா ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தார்கள்? எனக்கென்னவோ அதிகம் பேர் இருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. தன் பழைய குறை இன்னொருவரிடம் தெரியும்போது சிலருக்குச் சிரிப்பு இன்னும் சத்தமாக வரும். 'அது நான் இல்லை, பார்' என்று காட்டிக்கொள்ளும் அவசரம்.

அடுத்தது அந்த 'ஊருக்குள் எந்தப் பக்கம்' என்ற கேள்வி. வடக்கே பெயருக்குப் பின்னால் ஒட்டியிருப்பதை வைத்தே பல நேரம் சாதியை ஊகித்துவிடுவார்கள். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விடுவது என்று தீர்மானம் போட்டார்கள். மெல்ல மெல்ல நம் ஊரில் அது நடக்கவும் செய்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் தெரிந்துகொள்ளும் அரிப்பு மட்டும் போகவில்லை. பெயரில் இல்லாததை ஊரில் தேடுகிறோம், தெருவில் தேடுகிறோம், குலதெய்வத்தில் தேடுகிறோம், 'நீங்க வெஜ்ஜா' என்று டிபன் பாக்ஸில் தேடுகிறோம். கேட்பவருக்கு அது சும்மா பேச்சு. கேட்கப்படுகிறவருக்கு அது என்ன கேள்வி என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும். அந்த இளைஞர் பட்டும் படாமல் பதில் சொன்னார் என்கிறீர்களே, அந்த மாதிரிப் பதில் பல வருடப் பயிற்சியில் வருவது. அவருடைய சாதி என்ன என்று உங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. இருந்தும் 'கோட்டா' என்று முடிவு கட்டிவிட்டீர்கள். தனியார் பம்ப் கம்பெனியில் ஏதுங்க கோட்டா?

'எனக்கு ஜாதி வித்தியாசம் கிடையாது' என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் ஒருவரை ஒதுக்க வெறுப்பு தேவையில்லை என்பதை ஹென்றி தாஜ்ஃபெல் என்ற சமூக உளவியலாளர் 1970 வாக்கிலேயே காட்டிவிட்டார். அவர் போலந்து யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படைவீரராகச் சிறைப்பட்டு உயிர் பிழைத்தவர். திரும்பி வந்து பார்த்தபோது குடும்பத்தில் அநேகமாக யாரும் மிஞ்சவில்லை. மனிதர்கள் 'நாம்', 'அவர்கள்' என்று பிரிவதற்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்பது அவருக்கு வெறும் ஆராய்ச்சிக் கேள்வி இல்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டலில் பதினான்கு, பதினைந்து வயதுப் பள்ளிப் பையன்களைக் கூப்பிட்டு, இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, எது பிடிக்கும் என்று கேட்டு, அதன்படி என்று சொல்லி இரண்டு குழுவாகப் பிரித்தார். உண்மையில் பிரித்தது குலுக்கல் மாதிரிதான். தன் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூட எந்தப் பையனுக்கும் தெரியாது. குழுக்களுக்குள் பழைய பகை இல்லை, போட்டி இல்லை, குழுவாகக் கூடி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. பிறகு, மற்ற பையன்களுக்குக் காசு பிரித்துக் கொடு என்றார். தன் குழுவுக்கு அதிகம் கொடுத்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். தூக்கிவாரிப் போடுவது அதற்கு அடுத்தது. தன் குழுவுக்கு மொத்தத்தில் குறைந்தாலும் பரவாயில்லை, அந்தக் குழுவைவிட ஒரு படி மேலே இருந்தால் போதும் என்று பலர் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரே பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஒரு படத்தை வைத்தே இப்படிப் பிரிவார்கள் என்றால், ஊர், தெரு, பேச்சு, படிப்பு என்று ஆயிரம் வருடக் கோடுகள் ஏற்கெனவே போட்டிருக்கிற நம் ஊர் ஆபீஸில் பிரிவதற்கு எவ்வளவு நேரமாகும்?

சரி, மேனேஜருக்கு வருவோம். நேரில் பார்க்காதவரைப் பற்றி ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு நான் நோய்ப்பெயர் எதுவும் சொல்ல மாட்டேன். சொல்லவும் கூடாது. ஆனால் உங்கள் கடிதத்தில் நடுவில் சும்மா போட்டுவிட்டுப் போன ஒரு வரி என் கண்ணில் பட்டது. புது சாஃப்ட்வேர் அவருக்குப் பிடிபடவில்லை, இவருக்கு ஒரே மாதத்தில் பிடிபட்டது.

நதேனியல் ஃபாஸ்ட், செரீனா சென் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2009இல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். அதிகாரம் ஆளைக் கெடுக்கும் என்பது ஊரறிந்த பேச்சு. அவர்கள் பார்த்தது அதைவிட நுட்பமானது. அதிகாரம் மட்டும் இருந்தவர்கள் மற்றவர்கள் மேல் அவ்வளவாகப் பாயவில்லை. அதிகாரத்தில் இருந்துகொண்டே 'இந்த நாற்காலிக்கு நான் பற்றவில்லையோ' என்று உள்ளுக்குள் பயந்தவர்கள்தான் பாய்ந்தார்கள். அப்படிப்பட்டவர்களிடம் அவர்களுடைய திறமையைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னதும் வேகம் தணிந்தது. உங்கள் மேனேஜர் முப்பது வருடம் கணக்குப் புத்தகத்தோடு வாழ்ந்தவராக இருப்பார். மாதக் கடைசியில் எந்த லெட்ஜரில் எந்தக் கணக்கு உதைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார். ஒரு நாள் அத்தனையும் ஒரு ஸ்கிரீனுக்குள் போய்விட்டது. அதைத் திறக்க, அப்போதுதான் சேர்ந்த ஒரு பையனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அந்தப் பையனைச் சின்னவனாக்க ஏதாவது கையில் கிடைக்காதா என்று மனது தேடும். கிடைத்தது ஒரு 'ப்'.

இன்னொன்றும் இருக்கிறது. பயந்தவர் யார் மேலும் பாய்ந்துவிட மாட்டார். திருப்பிக் கேட்க ஆள் இல்லாதவர் மேல்தான் பாய்வார். புது சாஃப்ட்வேரை உங்கள் எம்.டி.யின் மருமகன் வந்து ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டிருந்தால் பட்டப்பெயர் வந்திருக்காது, கைதட்டல் வந்திருக்கும். யார் மேல் பாய்ந்தால் ஒன்றும் ஆகாது என்ற கணக்கை யாரும் உட்கார்ந்து போடுவதில்லை. ஊரும் தெருவும் அதை முன்பே போட்டு வைத்திருக்கின்றன. தப்பெண்ணமும் கொடுமைப்படுத்தலும் கைகோத்துக்கொள்ளும் இடம் இதுதான்.

உங்கள் அப்பாவுக்கு அவர் செய்த உதவி பொய்யில்லை. நீங்கள் கும்பிட்டுக் கேட்ட இடத்தில் அவர் பெரியவராக இருக்க முடிந்தது, இருந்தார். இந்த இளைஞர் முன்னால் அது முடியவில்லை. ஒரே ஆள்தான். இதைச் சொல்வது அவருக்கு வக்காலத்து வாங்க இல்லை. நல்லவர், கெட்டவர் என்று ஆளைத் தராசில் போட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் இந்த இடத்தை விட்டு நகரவே மாட்டீர்கள், அதற்காகத்தான்.

இரட்டை பேமெண்ட் விஷயம். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. நம்மவர் தவறினால் வேலைப்பளு, சர்வர் ஸ்லோ, ஜி.எஸ்.டி. கடைசி நாள். வெளியாள் தவறினால் அவனுக்கு அவ்வளவுதான் அறிவு. அதிலும் இங்கே சட்டியை வழுக்குகிற இடத்தில் வைத்ததே வேறு கை. நார்வே நாட்டு பெர்கன் பல்கலைக்கழகத்தில் வேலையிடக் கொடுமையை அளப்பதற்கென்று ஒரு கேள்விப் பட்டியல் செய்திருக்கிறார்கள். உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதில் 22 கேள்விகள். அடிதடி, மிரட்டல் எல்லாம் பிற்பாடுதான் வரும். முதல் கேள்வியே இது: உங்கள் வேலையைப் பாதிக்கும் தகவலை உங்களிடமிருந்து யாராவது மறைத்தார்களா? அந்த மெயிலில் அவர் பெயர் இல்லாமல் போனது மறதியாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அது உங்களுக்குத் தெரியும் என்றால் அந்த அறையில் இன்னும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கும்.

பேப்பர் நடுங்கியதையும் விடமாட்டேன். உத்தரப் பிரதேசத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குக் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சரியாக முடித்தால் காசு. யார் என்ன சாதி என்று சொல்லாமல் விட்டபோது மேல்சாதிப் பையன்களுக்கும் தலித் பையன்களுக்கும் வித்தியாசமே இல்லை. அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர், சாதி என்று எல்லோர் முன்னாலும் உரக்க வாசித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தபோது தலித் பையன்கள் முடித்த புதிர்கள் சட்டென்று குறைந்தன. அதே தலை, அதே பென்சில், அதே புதிர். நடுவில் ஒரு வாசிப்பு மட்டும். உங்கள் செக்‌ஷனில் அந்த வாசிப்பு ஒரு வருடமாக நடந்திருக்கிறது, தினமும், பட்டப்பெயர் என்ற பெயரில். அப்படி உட்காரவைத்து வேலை வாங்கினால் தப்பு வரும். வந்த தப்பை எடுத்துக்காட்டி 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்பார்கள்.

நாற்காலியும் வாட்ஸ்அப் குரூப்பும் சின்ன விஷயம் என்று நினைத்திருப்பீர்கள். கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது பறக்கும் தட்டு ஒன்று அவர் அருகே வந்து விழுந்தது. எடுத்து வீசினார். விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பேர் அவருக்கும் திருப்பி வீசினார்கள். கொஞ்ச நேரம் மூவருமாக ஆட்டம். பிறகு அவர்கள் காரணமில்லாமல் அவருக்கு வீசுவதை நிறுத்திவிட்டார்கள். யாரென்றே தெரியாத இரண்டு பேர். அப்படியும் அது தன்னை எவ்வளவு குத்தியது என்று அவருக்கே ஆச்சரியம். அதையே பிறகு கம்ப்யூட்டரில் பந்து வீசும் ஆட்டமாக்கி, ஒதுக்கப்பட்ட சில நிமிடத்தில் மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்று பல வருடம் ஆராய்ந்தார். எதிரே ஆடுவது வெறும் கம்ப்யூட்டர்தான் என்று சொன்ன பிறகும் மனசு நொந்தது. உங்கள் நண்பருக்கு அது சில நிமிடம் இல்லை. ஒரு வருடச் சாப்பாட்டு வேளை.

இப்போது, 'எதிர்த்துப் பேசியிருந்தால்' என்ற உங்கள் வரி. 'குட்டக் குட்டக் குனிபவனும் மூடன், குனியக் குனியக் குட்டுபவனும் மூடன்' என்ற பழமொழியோடு எனக்கு நெடுநாளாகச் சண்டை. குட்டியவனையும் குனிந்தவனையும் ஒரே தட்டில் வைப்பது என்ன நியாயம்? அதுவும் சொல்கிறபோது குனிந்தவனை முதலில் சொல்லிவிட்டு. மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமே ஆனவர், ஏழு பேரில் ஆறு பேர் சிரிக்கும்போது எதை வைத்துக்கொண்டு எதிர்ப்பார்? பதினோரு வருட சர்வீஸ் உள்ள உங்களுக்கே வாய் வரவில்லையே.

இந்த நினைப்பு உங்களுக்கு மட்டும் வருவதில்லை. மெல்வின் லெர்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை முதலில் கவனித்தது எங்கள் துறையில்தான் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும். நோயாளிகளிடம் கனிவாக இருக்க வேண்டிய மனநல ஊழியர்களே, 'இவர்களாக வரவழைத்துக்கொண்டது' என்கிற மாதிரிப் பேசுவதைப் பார்த்தார். 1966இல் ஒரு சோதனை வெளியிட்டார். ஒரு பெண்ணுக்குத் தப்பான பதிலுக்கெல்லாம் மின் அதிர்ச்சி கொடுப்பது போல் காட்டுவார்கள் (உண்மையில் கொடுக்கவில்லை, நடிப்பு). பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலருக்கு அதை நிறுத்த வழி கொடுத்தார். நிறுத்தினார்கள். அவர்கள் அந்தப் பெண்ணைப் பற்றி மதிப்பாகவே பேசினார்கள். இன்னும் சிலருக்கு எந்த வழியும் கொடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். அவர்கள்தான் அந்தப் பெண்ணிடமே ஏதோ குறை இருக்கிறது என்றார்கள். கொடுமையைப் பார்க்க நேர்ந்து, ஒன்றும் செய்யாமலும் இருந்துவிட்டால், அதோடு சேர்ந்து வாழ மனதுக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. பட்டவர் தலையில் அதைக் கட்டிவிடுவது எளிது. உங்கள் 'எதிர்த்துப் பேசியிருந்தால்' அந்த இடத்திலிருந்துதான் வருகிறது. நீங்கள் ஏதாவது செய்யத் தொடங்கினால் அந்த வரி தானாக மங்கிவிடும் என்பது என் அனுபவம்.

அனுபவம் என்று சொன்னேன். சொல்லியே விடுகிறேன். நான் மேற்படிப்பு படித்தபோது எங்களோடு தமிழ் மீடியத்தில் படித்து வந்த ஒருவர் இருந்தார். வார்டு ரவுண்ட்ஸில் அவர் கேஸ் சொல்ல வாயைத் திறந்ததும் எங்கள் சீஃப், அவர் சொன்ன மாதிரியே இழுத்து இழுத்துத் திருப்பிச் சொல்வார், நோயாளிகள் பார்க்கப் பார்க்க. நான் சிரித்ததில்லை. குனிந்து கேஸ் ஷீட்டில் எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். சிரிக்கவில்லை என்பதே எனக்கு அப்போது ஒரு யோக்கியதையாகத் தெரிந்தது. இருபது வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பேச்சு அங்கே போனது. 'சீஃப் என்ன சொன்னாருன்னு பாதி மறந்துபோச்சுங்க. நீங்க நாலு பேரும் குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தீங்களே, அதுதான் மறக்கலை' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

நீங்கள் ஏன் சிரித்தீர்கள் என்றால், ஆறு பேர் சிரித்தார்கள், அதனால் சிரித்தீர்கள். அந்த ஆறில் இன்னும் மூன்று பேர் உங்களைப் போலவே வயிறு கலங்கித்தான் சிரித்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் மற்றவர் சிரிப்பு மட்டும்தான் தெரியும், வயிறு தெரியாது. 1950களில் சாலமன் ஆஷ் என்பவர் செய்த கோடு சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்ணெதிரே இருக்கும் கோட்டின் நீளத்தை அறையில் எல்லோரும் ஒரே மாதிரி தப்பாகச் சொன்னால், பலர் தன் கண்ணை நம்பாமல் தானும் தப்பாகச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பாதி எல்லோருக்கும் தெரியும். மறுபாதியைத்தான் நான் வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். அறையில் இன்னும் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொல்லிவிட்டால், இந்தப் பணிதல் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஒரே ஒரு ஆள். அவர் வாதாடவில்லை, யாரையும் கண்டிக்கவில்லை. தன் முறை வந்தபோது தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது?

3ஆம் தேதிவரை காத்திருக்க வேண்டாம். போன் செய்யுங்கள். மெசேஜ் வேண்டாம். அவருக்கு உங்கள் செக்‌ஷனிலிருந்து வரும் மெசேஜ் என்றாலே கை நடுங்கும். நலம் விசாரித்துவிட்டு நேராகச் சொல்லுங்கள்: 'அந்த முதல் பேமெண்ட் மெயில்ல உங்க பேர் இல்லை. அது எனக்கு அன்னைக்கே தெரியும். சொல்லியிருக்கணும், சொல்லலை. சிரிச்சேன். இப்ப யார் கேட்டாலும் சொல்றேன், எழுதியும் தர்றேன்.' இதற்கு மேல் நீட்ட வேண்டாம். அழ வேண்டாம். 'எனக்குத் தூக்கமே வரலை' என்று உங்கள் கதையை ஆரம்பிக்க வேண்டாம். மன்னிப்பு கேட்கப் போய், அவரிடமே ஆறுதல் வாங்கிக்கொண்டு வருகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் பதில் பேசாமல் போனை வைக்கலாம். 'இப்பத்தான் தெரிஞ்சுதா' என்று கேட்கலாம். கேட்டுக்கொள்ளுங்கள். தப்பித் தவறியும் 'நீங்க எந்த ஆளுங்கன்னு எனக்கு முக்கியமில்லை' என்று சொல்லிவிடாதீர்கள். அதுவும் அதே கேள்விதான். பேச்சில் 'இருந்து என்ன பிரயோஜனம்' என்கிற மாதிரி ஏதாவது வந்தால் சும்மா விட்டுவிடக் கூடாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள், அன்றைக்கே ஒரு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண் இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.

அந்த மெயில் எந்தத் தேதி, யார் யாருக்குப் போனது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வவுச்சர் வாசித்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவரைக் கேட்காமல் அவர் சார்பில் ஹெச்.ஆருக்குப் புகார் எழுதிவிடாதீர்கள். ஹெச்.ஆர். கம்பெனியின் ஆள், அவருடைய வக்கீல் இல்லை. புகாருக்குப் பின்னால் வருகிறதை அனுபவிக்கப் போகிறவர் அவர்தான். சட்டம் என்று பார்த்தால், வேலையிடத்தில் மட்டம் தட்டுவதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் தொல்லைக்கு மட்டும்தான். பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். அது இங்கே பொருந்துமா, அந்த வழியில் போவதா என்பது அவரும் ஒரு வக்கீலும் பேச வேண்டியது. நீங்கள் சாட்சி, அவ்வளவே. சாட்சி கிடைப்பதுதான் இந்த மாதிரி விஷயங்களில் பெரும் பாடு.

மேனேஜரிடம் தனியாகப் பேசுங்கள், ஆள் வைத்துக்கொண்டு வேண்டாம். உங்களுக்கு அவரிடம் உள்ள உரிமை மற்ற ஐந்து பேருக்கும் இல்லை, அப்பாவுக்கு ஓடியவர். அந்த நன்றியை வாயை மூட உபயோகித்தது போதும். 'சார், அந்தப் பேமெண்ட் மேட்டர்ல அவருக்கு மெயிலே போகலை. எனக்கு அன்னைக்கே தெரியும். திரும்பி வந்தா பேர் சொல்லியே கூப்பிடுவோம் சார்' என்றால் போதும். முகம் மாறும். மாறட்டும். சாஃப்ட்வேரைப் பற்றி அப்போது பேசாதீர்கள். இன்னொரு நாள், மாலை ஆறு மணிக்கு மேல் செக்‌ஷன் காலியானதும், 'சார், இந்த ரிப்போர்ட் எடுக்கறது எனக்கே குழப்பமா இருக்கு, சேர்ந்து பார்ப்போமா' என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போடலாம். இதில் கொஞ்சம் தந்திரம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வேலை செய்யும்.

அவர் வராமலே போய்விடவும் கூடும். இந்த மூன்று வாரத்தில் வேறு வேலை பார்த்திருந்தால் நல்லதுதான், தடுத்து நிறுத்தாதீர்கள். அப்போதும் அந்த மெயில் விஷயத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். 'இரட்டை பேமெண்ட் போட்ட ஆள்' என்ற பேச்சு அவர் போகும் இடத்துக்கும் பின்னாலேயே போகும். உங்கள் தூக்கத்துக்கு இப்போதைக்கு நான் மாத்திரை எழுத மாட்டேன். போன் பேசி இரண்டு வாரம் ஆகியும் இப்படியே இருந்தால் வாருங்கள்.

3ஆம் தேதி வந்தார் என்றால், காலையில் யாராவது பழக்கத்தில் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பாதிப் பேர் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏதாவது வேலை விஷயம் கேளுங்கள். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் பற்றி, பேங்க் ஸ்டேட்மெண்ட் பற்றி, எதுவானாலும் சரி. மதியம் ஒரு மணிக்கு உங்கள் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் பக்கத்து செக்‌ஷனிலிருந்து ஒரு நாற்காலி எடுத்துவந்து போட்டுவிடுங்கள்.